மூச்சு விட பர்மிஷன் கேட்போமா?

டிஸ்கி: சாப்பிட்டுக்கிட்டே படிக்கிறவங்க, முடிச்சிட்டு கை கழுவிட்டு வாங்க. இது ஒண்ணுக்குப் போறதைப் பத்தின பதிவு. முகம் சுளிக்கிறவங்க இப்பவே கிளம்பிடலாம், நான் தப்பா நினைக்க மாட்டேன். (கொஞ்சம் நினைப்பேன்.)

ஜி.எஸ்.டி. பத்தி மொக்கை போட்டுக்கிட்டிருந்த பி.காம் பொண்ணுக்கு திடீர்னு உடற்கூறியல் எதுக்குன்னு கிளாஸ்ல ஏற்கனவே ரெண்டு பேர் கேட்டாச்சு. நியாயமான கேள்விதான். பத்தாவதோட அறிவியலுக்கு டாட்டா காட்டிட்டு வந்த கூட்டம் நாம. சிறுநீரகத்தை அவரைவிதை மாதிரி வரைஞ்சு, பாகம் குறிச்சு, அஞ்சு மார்க் வாங்கி, அடுத்த நாளே மறந்தாச்சு. ஆனா நாளைக்கு சூப்பர்வைசரா, ஹெச்.ஆரா, கடை மேனேஜரா உக்காந்து "யாரு எப்போ எழுந்து போகலாம்"னு முடிவு பண்ணப் போறது டாக்டருக்குப் படிக்கிறவங்க இல்லை மக்களே, நாமதான். அதனால சிறுநீர்ப்பை எப்படி வேலை செய்யுதுன்னு நமக்குத் தெரிஞ்சிருக்கணும். தங்கச்சி பயாலஜி குரூப். அவ புத்தகத்தையும், லைப்ரரியில தூசி தட்டி எடுத்த ஒரு தலகாணி சைஸ் உடலியல் புத்தகத்தையும் வச்சுக்கிட்டுதான் இதை எழுதறேன்.

முதல்ல நுரையீரல். சும்மா உக்காந்திருக்கும்போது நிமிஷத்துக்கு 12லிருந்து 16 தடவை மூச்சு விடறோம். ஒரு தடவைக்கு சுமார் அரை லிட்டர் காற்று. இதை வேணும்னா கொஞ்ச நேரம் நிறுத்தி வைக்கலாம், சின்ன வயசுல கிணத்துல முங்கி எண்ணுவோமே அந்த மாதிரி. ஆனா ரத்தத்துல கரியமிலவாயு ஏற ஏற மூளைத்தண்டு சும்மா இருக்காது. ஒரு கட்டத்துக்கு மேல உங்க மன உறுதி எல்லாம் செல்லாது, மூச்சு தானா வந்துடும். பிடிவாதமா மூச்சடக்கிச் செத்துப் போறது ஆகாத காரியம். அதனாலதான் உலகத்துல எந்த பிரின்சிபாலும் "முதல் பீரியட்ல மூச்சு விடக்கூடாது, இன்டர்வெல்ல விட்டுக்கோங்க"ன்னு சர்க்குலர் போட்டதில்லை. போட்டா நடக்காது.

அடுத்தது ஜீரண மண்டலம். வயித்துக்குக் கிடைக்கிற மரியாதையே தனி. மதிய சாப்பாட்டுக்கு முக்கால் மணி நேரம், கேன்டீன், பப்ஸ், டீ, எல்லாம் உண்டு. உள்ள போறதுக்கு ஏற்பாடு பண்ணாத காலேஜ் கிடையாது. காசு வருதே!

மூணாவது மண்டலத்துக்கு வந்தாத்தான் கையைத் தூக்கி, தலையைக் குனிஞ்சு, "மேம், ரெஸ்ட் ரூம்..."னு இழுக்க வேண்டியிருக்கு. பதில் என்ன வரும்னு உங்களுக்கே தெரியும். "இப்பதானே இன்டர்வெல் முடிஞ்சது?"

ஏன் இந்த ஓரவஞ்சனை? உடம்போட அமைப்புலயே அதுக்கு பதில் இருக்கு. நமக்குப் புரியற மாதிரி கணக்குப் பாஷையில சொல்றேன்.

ரெண்டு சிறுநீரகமும் சேர்ந்து எடை போட்டா ஏறத்தாழ 300 கிராம். உடம்பு எடையில நூத்துல ஒரு பங்கு கூட இல்லை. ஆனா இதயம் பம்ப் பண்ற ரத்தத்துல அஞ்சுல ஒரு பங்குக்கு மேல இங்கதான் போகுது, நிமிஷத்துக்கு ஒரு லிட்டருக்கு மேல. ஒவ்வொரு சிறுநீரகத்துலயும் சுமார் 10 லட்சம் நெஃப்ரான். எல்லாம் சேர்ந்து ஒரு நாளைக்கு வடிகட்டற திரவம் 180 லிட்டர். நம்ம உடம்புல இருக்கிற பிளாஸ்மாவே மொத்தம் மூணு லிட்டர்தான். அதாவது இருக்கிற சரக்கு முழுசையும் தினமும் 60 தடவை எடுத்துப் பார்த்து, தேவையான உப்பு, சர்க்கரை, தண்ணி எல்லாத்தையும் திரும்ப உள்ள வரவு வச்சு, வேண்டாததை மட்டும் செலவு எழுதி, ராத்திரி பகல் பார்க்காம கணக்கை முடிக்குது. 180 லிட்டர் எடுத்து 178 லிட்டருக்கு மேல திருப்பிக் கொடுத்துடுது. கடைசியா வெளிய போறது ஒண்ணுலிருந்து ரெண்டு லிட்டர். இப்படி ஒரு ஆடிட்டர் எந்தக் கம்பெனிக்காவது கிடைப்பாரா? இதுக்கு மேல "கிட்னி கிளீன் பண்ற பவுடர்", "டீடாக்ஸ் ஜூஸ்"னு 900 ரூபாய்க்கு விக்கிறானுங்க பாருங்க, அவனுங்களுக்கு மார்க்கெட்டிங்ல நூத்துக்கு நூறு போடலாம். தினமும் 60 தடவை கழுவற பாத்திரத்துக்கு எதுக்குய்யா பவுடர்? அது கேக்கறது ரெண்டே ரெண்டு. உள்ள வர தண்ணி. வெளிய போக வழி.

அந்த வழியிலதான் வில்லங்கம். சிறுநீரகத்துலேர்ந்து கீழ இறங்கற குழாய் ரெண்டும் 25, 30 சென்டிமீட்டர் நீளம். தண்ணி தானா வழிஞ்சு வர்ற வெறும் பைப் இல்லை அது. உணவுக்குழாய் மாதிரி அலையலையா சுருங்கித் தள்ளிவிடுது, நீங்க படுத்திருந்தாலும். அது வந்து சேர்ற சிறுநீர்ப்பை ஒரு தசைப்பை. நிரம்ப நிரம்ப விரிஞ்சு கொடுக்கும், உள்ள அழுத்தம் பெரிசா ஏறாம பார்த்துக்கும். சுமார் 150லிருந்து 250 மில்லி சேர்ந்ததும் முதல் சேதி மூளைக்குப் போகும்: "சார், ஞாபகம் இருக்கட்டும்." 400, 500 வரும்போது, "சார், அவசரம்." இங்க ரெண்டு பூட்டு இருக்கு. உள் பூட்டு நம்ம பேச்சைக் கேக்காது, அது தானியங்கி. வெளிப் பூட்டு, அதாவது வெளிச் சுருக்குத்தசை, அது மட்டும் நம்ம கட்டுப்பாட்டுல. ரெண்டு மூணு வயசுல அம்மா நம்மளைப் பழக்கினது இந்த ஒரு தசையைத்தான். "இப்ப வேண்டாம்"னு மூளை சொன்னா அது இறுக்கிப் பிடிச்சு நிக்கும்.

பிரச்சினையே இந்தத் தசையோட விசுவாசம்தான். நுரையீரல் எதிர்த்து நிக்குது, அதனால அதை யாரும் சீண்டறதில்லை. இது சொன்ன பேச்சைக் கேக்குது, அதனால எல்லாரும் இது தலையில ஏறி உக்காந்துக்கிறாங்க. அடக்க *முடியும்*ங்கிறதை அடக்கலாம்னு எடுத்துக்கிட்டு, அப்புறம் அடக்கணும்னு ஆக்கிட்டாங்க. அந்தத் தசை காட்டற பொறுமையை எங்க சம்மதமா எழுதிக்கிட்டா எப்படி?

சரி, ஒரு நாள் கணக்கு போடுவோம். பஸ்ஸுக்காக காலையில ஆறரைக்கு வீட்டை விட்டுக் கிளம்பற பொண்ணு, சாயந்தரம் அஞ்சரைக்குத் திரும்பறா. பதினொரு மணி நேரம், 660 நிமிஷம். ஒழுங்கா தண்ணி குடிக்கிற ஆளுக்கு நிமிஷத்துக்கு சுமார் ஒரு மில்லி சிறுநீர் உற்பத்தி. ஆக 660 மில்லி. பை கொள்ளளவு 400லிருந்து 500. ரெண்டாங்கிளாஸ் கழித்தல்தான், பற்றாக்குறை கண்ணுக்கு முன்னாடி நிக்குது. நடுவுல ஒரு தடவையாவது போயே ஆகணும். வசதியா இருக்கணும்னா ரெண்டு மூணு தடவை.

இப்ப சப்ளை பக்கம் பாருங்க. எங்க காலேஜ் பேர் வேண்டாம், ஊரும் வேண்டாம். உங்க காலேஜ்னே நினைச்சுக்கோங்க, அநேகமா பொருந்தும். மூணு மாடி பிளாக். பொண்ணுங்களுக்கு தரைத்தளத்துல மட்டும் நாலு கழிவறை. ஒண்ணு ஸ்டாஃபுக்குன்னு பூட்டு. ஒண்ணுல தாழ்ப்பாள் இல்லை. ஒண்ணுல குழாயைத் திறந்தா காத்துதான் வரும். மிச்சம் ஒண்ணு. இடைவேளை பத்து நிமிஷம், அதுல ரெண்டாவது மாடியிலேர்ந்து இறங்கி ஏற நாலு நிமிஷம். மிச்சம் ஆறு நிமிஷத்துல ஆளுக்கு ரெண்டு நிமிஷம்னு வச்சாலும் மூணு பேர் போகலாம். எங்க கிளாஸ்ல மட்டும் பொண்ணுங்க ஐம்பது பேர்.

பசங்க ஒரு ஜோக் அடிப்பாங்க, பொண்ணுங்க பாத்ரூமுக்கு ஏன் கும்பலாவே போறாங்கன்னு. அப்படி உள்ள என்னதான் மாநாடு நடத்தறீங்கன்னு. ஐயா சாமி, ஒருத்தி கதவைப் பிடிச்சுக்கணும், ஒருத்தி பையை வச்சுக்கணும், ஒருத்தி அடுத்த பிளாக்லேர்ந்து வாளியில தண்ணி கொண்டு வரணும். மாநாடு இல்லை, மெயின்டனன்ஸ்.

இந்த இடத்துல எங்க ஆளுங்க ஒரு வழி கண்டுபிடிச்சிருக்காங்க. தண்ணியே குடிக்கிறதில்லை. காலையில அம்மா நிரப்பிக் கொடுத்த பாட்டில் அப்படியே வீட்டுக்குத் திரும்பிப் போகுது, பாதி வழியில பஸ் ஜன்னல் வழியா ஊத்திட்டு. மாதவிடாய் நாட்கள்ல காலையில காபி கூட கிடையாது. கேட்டா "எனக்கு தாகமே எடுக்காதுடி"ன்னு பெருமை வேற.

உடம்பு இதுக்கு என்ன பண்ணுது? மூளையில ஹைப்போதலாமஸ்னு ஒரு இடம் ரத்தம் கெட்டியாகறதை உடனே மோப்பம் பிடிச்சுடும். வாசோபிரஸ்ஸின்னு ஒரு ஹார்மோன் கிளம்பும். "தண்ணி வரத்து இல்லை, இருக்கிறதைப் பிடிச்சு வை"ன்னு சிறுநீரகத்துக்கு உத்தரவு. நிமிஷத்துக்கு ஒரு மில்லி அரை மில்லியாகும், அதுக்கும் கீழ போகும். சிறுநீர் ரத்தத்தை விட நாலு மடங்கு வரைக்கும் அடர்த்தியாக முடியும். இப்ப 660 மில்லி 330 ஆயிடுச்சு, பைக்குள்ள அடங்கிடுச்சு. டைம்டேபிள் ஜெயிச்சாச்சு! நிர்வாகம் ஒரு ரூபாய் செலவு பண்ணாம பற்றாக்குறையை எங்க ரத்தக்குழாய்க்குள்ள தள்ளிவிட்டாச்சு. காஸ்ட் அக்கவுண்டிங் மேடம் கேட்டா சந்தோஷப்படுவாங்க.

ஆனா செலவு காணாமப் போகாது, வேற தலைப்புல வந்து நிக்கும்னு நமக்குச் சொல்லிக் கொடுத்ததும் அவங்கதான்.

பெண்களுக்கு சிறுநீர்ப்பையிலேர்ந்து வெளிய வர்ற குழாய் வெறும் நாலு சென்டிமீட்டர். ஆண்களுக்கு அது 18, 20. குடல்ல சாதுவா குடியிருக்கிற ஈ. கோலை பாக்டீரியா மேல ஏறி வர எங்களுக்கு நாலு சென்டிமீட்டர் தூரந்தான். சிறுநீர்த் தொற்றுல பெரும்பாலானதுக்கு இந்தப் பேர்வழிதான் காரணம். பெண்கள்ல ஏறக்குறைய பாதிப் பேருக்கு வாழ்நாள்ல ஒரு தடவையாவது இது வரும். பாக்டீரியா வசதியான இடம் கிடைச்சா 20 நிமிஷத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாகும் (கூட்டு வட்டி பாடத்தை ஞாபகப்படுத்திக்கோங்க). இதுக்கு எதிரா உடம்புகிட்ட இருக்கிற எளிமையான ஆயுதம், அப்பப்ப வெள்ளம் விட்டு அடிச்சுத் தள்ளறது. தண்ணியையும் குறைச்சு, கதவையும் பூட்டி வச்சா, ஆயுதத்தைப் பிடுங்கிட்டு சண்டைக்கு அனுப்பின கதைதான்.

இது என் கற்பனை இல்லை. அடிக்கடி சிறுநீர்ப்பைத் தொற்று வர்ற, தண்ணியும் கம்மியா குடிக்கிற 140 பெண்களை வச்சு பல்கேரியாவுல ஒரு ஆய்வு பண்ணி 2018ல வெளியிட்டாங்க. பாதிப் பேரை வழக்கத்தை விட ஒன்றரை லிட்டர் தண்ணி கூடுதலா குடிக்கச் சொன்னாங்க, ஒரு வருஷம். குடிச்சவங்களுக்கு அந்த வருஷத்துல சராசரியா 1.7 தடவை தொற்று. மத்தவங்களுக்கு 3.2. மாத்திரை இல்லை, மந்திரம் இல்லை, வெறும் தண்ணி. ஆனா குடிச்சா போகணுமே! போக இடம் இருக்கிற ஊர்லதான் இந்த வைத்தியம் பலிக்கும்.

ஒரு நாள் அடக்கினா கிட்னி கெட்டுடும்னு வாட்ஸ்அப் மாமாக்கள் அனுப்பற ஃபார்வர்டு ரகத்துல நான் பேசல. எப்பவாவது ஒரு நீண்ட பஸ் பயணத்துல அடக்கினா ஆரோக்கியமான ஆளுக்கு ஒண்ணும் ஆயிடாது. நான் சொல்றது வாரத்துல அஞ்சு நாள், வருஷத்துல ஏழெட்டு மாசம், பள்ளிக்கூடத்துலேர்ந்து கணக்குப் பண்ணா பதினஞ்சு வருஷம் நடக்கிற பழக்கம். தொற்று பையோட நிக்காம மேல சிறுநீரகத்துக்கு ஏறினா குளிர்ஜுரம், விலாவுக்குப் பின்னாடி வலி, வாந்தின்னு ஆஸ்பத்திரியில படுக்க வைக்கும். கெட்டியான சிறுநீர்ல உப்புகள் படிகமாகி கல்லாகும். அந்த வலி வந்தவங்களைக் கேட்டுப் பாருங்க. இத்தாலியில கல் வந்து போன 199 பேரை அஞ்சு வருஷம் பார்த்து 1996ல எழுதினாங்க. தண்ணி நிறைய குடிச்ச கூட்டத்துல 12 சதவீதம் பேருக்குத்தான் மறுபடி கல் வந்தது. குடிக்கச் சொல்லாத கூட்டத்துல 27 சதவீதம்.

இப்ப நான் ரொம்ப நாளா பல்லைக் கடிச்சுக்கிட்டிருக்கிற விஷயத்துக்கு வர்றேன். நம்ம ஊர்ல இதுக்கெல்லாம் ஒரே பேர்தான். "சூடு." எரிச்சலா இருக்கா, சூடு. நீர்க்கடுப்பா, சூடு. தொப்புள்ல விளக்கெண்ணெய் வை, கால் கட்டைவிரல்ல எண்ணெய் தடவு, வெந்தயம் முழுங்கு, இளநீர் குடி. பாட்டிகளை நான் கிண்டல் பண்ணல. இளநீரும் மோரும் வாழைத்தண்டு சாறும் உள்ள போறப்ப கூடவே தண்ணியும் போகுது, அது நல்லதுதான். என் சண்டை அந்த வார்த்தையோட. சூடுன்னு சொன்ன உடனே குற்றவாளி யாருன்னு முடிவாயிடுது: அந்தப் பொண்ணோட உடம்பு. அவளுக்கு சூட்டு உடம்பு, அவ தலைக்கு எண்ணெய் வைக்கல, ராத்திரி ரொம்ப நேரம் முழிச்சிருந்தா. தாழ்ப்பாள் போடாத நிர்வாகத்தோட பேரு அந்த நோய் விவரத்துல எங்கயும் வராது. கிளாஸ்ல ஒரு பொண்ணு மாசத்துக்கு ரெண்டு நாள் லீவு போட்டா அட்டெண்டன்ஸ் குறையும், கண்டோனேஷன் ஃபைன் கட்டணும். கழிவறையைப் பூட்டி வச்சது ஒருத்தர், ஃபைன் கட்டறது இன்னொருத்தர்!

ரெண்டாவது நம்பரைப் பத்தியும் ஒரு வரி. ஒரு நாளைக்கு குடலுக்குள்ள இறங்கற திரவம் ஏறத்தாழ ஒம்பது லிட்டர். நாம குடிக்கிறது ரெண்டு, எச்சில், பித்தம், குடல் நீர்னு உடம்பே ஊத்தறது ஏழு. கிட்டத்தட்ட மொத்தத்தையும் குடல் திரும்ப உறிஞ்சிடும். சாப்பிட்ட கொஞ்ச நேரத்துல பெருங்குடல் அசைஞ்சு கொடுத்து "கிளம்பலாமா"ன்னு கேக்கறது இயற்கை. அந்த அழைப்பைத் தட்டிவிட்டா அது அடங்கிப் போயிடும், ஆனா பெருங்குடல் தண்ணியை உறிஞ்சிக்கிட்டே இருக்கும். கெட்டியாகும். அப்புறம் என்ன ஆகும்னு எழுதினா பதிவோட தரம் இதுக்கு மேல இறங்கும், விட்டுடறேன்.

"அந்தக் காலத்துல நாங்கல்லாம் அடக்கிக்கிட்டு வரலையா"ன்னு ஒரு குரூப் வரும். அடக்கினீங்க பெரியம்மா, தெரியும். விடியறதுக்கு முன்னாடி ஒரு தடவை, இருட்டினதுக்கு அப்புறம் ஒரு தடவைன்னு காட்டுப்பக்கம் போயிட்டு, நடுவுல பகல் முழுக்க அடக்கினீங்க. அதுக்கான பில்லை எந்தக் கணக்குப் புத்தகத்துலயும் ஏத்தல, அவ்வளவுதான். தாங்கிக்கிட்டதுனால அது சரின்னு ஆயிடாது.

மரியாதைக்காக அடக்கினதுல உலகப் புகழ் பெற்ற ஒரு மனுஷன் இருக்கார். டைகோ பிராகே, டென்மார்க்ல பிறந்த வானியல் அறிஞர். தொலைநோக்கி வர்றதுக்கு முன்னாடியே வெறுங்கண்ணால கிரகங்களை அவ்வளவு துல்லியமா அளந்தவர். 1601 அக்டோபர் 13, பிராக் நகரத்துல ஒரு பிரபு வீட்டு விருந்து. நடுவுல எழுந்து போனா மரியாதை இல்லைன்னு அடக்கிக்கிட்டு உக்காந்திருந்தார். வீட்டுக்கு வந்ததுக்கு அப்புறம் ஒழுங்கா சிறுநீர் போகல. பதினொரு நாள்ல, அக்டோபர் 24, ஆள் காலி. விஷம் வச்சுட்டாங்கன்னு ரொம்ப காலம் வதந்தி இருந்தது. 2010ல கல்லறையைத் திறந்து பார்த்து, கொல்ற அளவுக்கு பாதரசம் இல்லைன்னு 2012ல சொல்லிட்டாங்க. அவருக்கு ஏற்கனவே உள்ள ஏதாவது கோளாறு இருந்திருக்கும், வெறுமனே விருந்து கொன்னிருக்காதுதான். இருந்தாலும் நான் சொல்ல வர்றது, அவ்வளவு பெரிய மூளையையே எழுந்திருக்க விடாம உக்கார வச்சது சபை நாகரிகம். பதினேழு வயசுப் பொண்ணு கையைத் தூக்கிக் கேக்கத் தயங்கறதுல என்ன ஆச்சரியம்?

இனி நம்ம சப்ஜெக்ட். தொழில் சட்டம் பேப்பர்ல 1948 தொழிற்சாலைகள் சட்டம்னு உருப்போட்டோமே, ஞாபகம் இருக்கா? பிரிவு 18 குடிதண்ணி. பிரிவு 19 கழிவறை. பக்கத்துப் பக்கத்துல வச்சிருக்கான் பாருங்க, எழுதினவனுக்கு உடலியல் தெரிஞ்சிருக்கு. 19ல ஒரு சின்ன வார்த்தை வரும்: கழிவறை தொழிலாளிக்கு வசதியான இடத்துல, ஆலையில இருக்கிற *எல்லா நேரமும்* போகற மாதிரி இருக்கணும். இன்டர்வெல்ல மட்டும்னு இல்லை. சுதந்திரம் வந்த அடுத்த வருஷமே மில் தொழிலாளிக்கு எழுதிக் கொடுத்ததை, (அந்தச் சட்டம் இப்போ 2020 தொழிலாளர் சட்டத் தொகுப்புக்குள்ள போயிடுச்சு, அது தனிக்கதை) நாம மூணு மணி நேரப் பரீட்சையில கால் மேல கால் போட்டு அடக்கிக்கிட்டு, அஞ்சு மார்க்குக்கு எழுதினோம். முதல் ஒரு மணி நேரம் யாரும் வெளிய போகக்கூடாதுன்னு மேற்பார்வையாளர் சொல்லிட்டுப் போன அதே ஹால்ல. சிரிக்கிறதா அழறதா தெரியல.

துணிக்கடை அக்காக்களுக்கு இந்தச் சட்டமும் இல்லை, அவங்களுக்குக் கடைகள் சட்டம். நாள் முழுக்க நின்னுக்கிட்டே புடவை விரிச்சுக் காட்டறவங்களைப் பத்தி 2010ல 'அங்காடித் தெரு' படம் வந்தப்ப தியேட்டர்ல எல்லாரும் உச் கொட்டினாங்க, அப்புறம் அதே தெருவுல போய் தீபாவளி பர்சேஸ் பண்ணாங்க. கோழிக்கோடு மிட்டாய்த் தெருவுல மட்டும் உச் கொட்டறதோட நிக்கல. தையல் வேலை பார்த்த பி. விஜிங்கிறவங்க 'பெண்கூட்டு'ன்னு கடைப் பெண்களைத் திரட்டினாங்க. அவங்க முதல்ல கேட்டது சம்பள உயர்வு இல்லை, கழிவறை! கடையில வசதி கிடையாது, பக்கத்து ஹோட்டலைத் தேடி ஓடணும், அதுக்குப் பயந்து தண்ணி குடிக்காம இருக்கணும். எங்க கதையேதான், தெரு பேர் மட்டும் வேற. அங்கேர்ந்து வளர்ந்து உக்காரும் உரிமைப் போராட்டமாகி, 2018ல கேரளா கடைகள் சட்டத்தைத் திருத்திச்சு. 2021ல தமிழ்நாடும் திருத்தி கடை ஊழியர்களுக்கு இருக்கை கட்டாயம்னு கொண்டு வந்தது. அடுத்த தடவை துணிக்கடைக்குப் போறப்ப அந்த நாற்காலியில யாராவது உக்காந்திருக்காங்களான்னு பாருங்க. அப்படியே ஸ்டாஃப் பாத்ரூம் எந்த மாடியில இருக்குன்னும் ஒரு அக்காகிட்ட ரகசியமா கேட்டுப் பாருங்க.

இது நம்ம ஊர் கஞ்சத்தனம் மட்டும்னு நினைக்காதீங்க. நம்ம மேனேஜ்மென்ட் புத்தகத்துல வெற்றிக்கதையா வர்ற அமேசான், டிரைவர்கள் பாட்டில்ல ஒண்ணுக்குப் போறாங்கங்கிற குற்றச்சாட்டை 2021 மார்ச்ல ட்விட்டர்ல நக்கலா மறுத்துச்சு. ஏப்ரல்ல, டிரைவர்களுக்கு அந்தக் கஷ்டம் இருக்குன்னு ஒத்துக்கிட்டு மன்னிப்புக் கேட்டுச்சு. 'லீன்', 'ஜஸ்ட் இன் டைம்'னு நாம கலர் கலரா பிரசன்டேஷன் போடறோமே, அந்த நேரம் எங்கேர்ந்து மிச்சமாச்சுன்னு ஒரு ஸ்லைடு யாராவது போட்டிருக்கீங்களா?

ஒரு சார் ரொம்ப நியாயஸ்தர் மாதிரி கேட்டார்: "பசங்களுக்கும் நாலு, பொண்ணுங்களுக்கும் நாலு. சமமாத்தானே இருக்கு?" சார், பசங்க நின்னுக்கிட்டே முப்பது நொடியில முடிச்சிட்டு வர்றாங்க. எங்களுக்கு கதவு வேணும், சேலையோ சுடிதாரோ ஒதுக்கணும், மாசத்துல அஞ்சு நாள் கூடுதல் வேலை இருக்கு, குப்பைத்தொட்டி வேணும். எண்ணிக்கை சமமா இருந்தா க்யூ சமமா இருக்காது. இதை நியூயார்க் நகரம் 2005லயே புரிஞ்சுக்கிட்டு, புதுசா கட்டற அரங்கம், தியேட்டர் மாதிரி இடங்கள்ல ஆண்களுக்கு ஒண்ணுன்னா பெண்களுக்கு ரெண்டுன்னு சட்டம் போட்டுச்சு. நம்ம சுப்ரீம் கோர்ட்டும் சும்மா இல்லை. பள்ளிக்கூடங்கள்ல கழிவறை கட்டியே ஆகணும்னு 2012ல உத்தரவு. 2025 ஜனவரியில, நாடு முழுக்க எல்லா கோர்ட் வளாகத்துலயும் கழிவறை வேணும், இது அரசியல் சட்டம் 21வது பிரிவு சொல்ற உயிர் வாழும் உரிமைக்குள்ள வருதுன்னே தீர்ப்பு. நீதி கேட்டுப் போற இடத்துலயே அது இல்லாம இருந்திருக்கு பாருங்க.

சரி, காரியத்துக்கு வருவோம். தாழ்ப்பாள் விலை ஹார்டுவேர் கடையில விசாரிச்சாச்சு, எண்பது ரூபாய். குழாய் வாஷர் பத்து ரூபாய். எங்க பிளாக்குக்கு மட்டும் ஒரு மனு எழுதியிருக்கோம்: பூட்டைத் திறக்கணும், தாழ்ப்பாள் போடணும், இரண்டாவது மாடியில ஸ்டோர் ரூமா மாத்தி வச்சிருக்கிற பழைய கழிவறையை மறுபடி கழிவறையாக்கணும், கிளாஸ் நடுவுல கேட்டா காரணம் கேக்காம அனுப்பணும், பரீட்சை ஹால்லயும்தான். மேல இருக்கிற 660 மில்லி கணக்கை அப்படியே மனுவுல சேர்த்திருக்கேன், ஹெச்.ஓ.டி. அக்கவுண்டன்சி ஆளு, கழித்தல் புரியும். திங்கள்கிழமை காலையில கொடுக்கிறோம். நோட்டு கடைசி பெஞ்ச் பக்கம் இருக்கு. பசங்களும் கையெழுத்துப் போடலாம், உங்க பாத்ரூம் மட்டும் என்ன சந்தன வாசனையா அடிக்குது :-)

எரிச்சல் ரெண்டு நாளைக்கு மேல இருந்தாலோ, சிறுநீர்ல ரத்தம் தெரிஞ்சாலோ, குளிர்ஜுரம் வந்தாலோ விளக்கெண்ணெயைத் தேடாம டாக்டர்கிட்ட போங்கடி. மெடிக்கல் ஷாப்ல நீங்களா ஆன்டிபயாடிக் ரெண்டு மாத்திரை வாங்கிப் போட்டு நிறுத்தாதீங்க. சிறுநீரை சோதனை பண்ணா எந்த மருந்து கேக்கும்னு தெரிஞ்சிடும். நாளைக்குப் பாட்டிலை நிரப்பிக்கிட்டு வாங்க. கதவை நான் பிடிச்சுக்கிறேன்.